துண்டு மூடிய மானிட்டர்

தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஆரோக்கியத்துக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஓர் ஆசை வந்தது. காற்றடைத்த பெரிய கூடாரத்தின் உட்கூரை முழுக்கப் படம் ஓட்ட வேண்டும். அதுவும் பதிவு செய்த படமல்ல. பறை அடிக்க அடிக்க, அந்த அடிக்கு ஏற்றபடி அங்கேயே உருவாகிற படம். சொல்லிக்கொடுத்தவள் நஸ்ரின். அவருடைய மகளைவிட இரண்டு வயது சின்னவள்.

அன்று முதல் காட்சி. காலையிலேயே உப்பள வேலையை முடித்து வந்த பெண்கள் எண்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மானிட்டரில் தெரிந்த வட்டப் படத்தின் நட்டநடுவில் ஆரோக்கியம் ஒரு திமிங்கிலத்தை நிறுத்தினார். முப்பது வருஷமாக மணப்பெண்ணை நடுவில் வைத்தே பழகிய கை, வேறென்ன செய்யும்?

வட்டத்தின் நடு என்பது கூடாரத்தில் உச்சந்தலைக்கு நேர் மேலே. பத்தே நிமிஷத்தில் எல்லோரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். படத்தை அவர் சுழற்றியதும் ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் வந்து சொல்லிவிட்டார். "மூணு மணி ஷோவும் இப்படின்னா ரெக்கார்டு பண்ணதப் போட்ருவோம். இவரு வேண்டாம்."

ஆரோக்கியத்துக்கு அவமானம் தாங்கவில்லை.

"மேடம், மானிட்டர்ல நல்லாத்தான இருந்துச்சு? எங்க தப்பு விட்டேன்?"

நஸ்ரின் பறைக்காரர் ஒருவரிடம் துண்டை வாங்கி மானிட்டர் மேல் போட்டாள்.

"ஐயையோ! இது தெரியாம எப்படி மேடம் ஓட்டுவேன்?"

"அங்க பாருங்கண்ணே."

அவள் காட்டிய பக்கம் அடுத்த எண்பது பேர் பாயில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

மூன்று மணி. விளக்குகள் அணைந்தன. கூரையில் கடல் விரிந்தது. அதன் நீல வெளிச்சம் முகங்களில் விழுந்தது. திமிங்கிலத்தை எங்கே விடுவது? ஆரோக்கியம் முகங்களைப் பார்த்தார். எல்லா முகமும் பறைக்காரர்கள் பக்கம் இருந்தது. அந்தப் பறைக்காரர்களின் தலைக்குச் சற்று மேலே திமிங்கிலத்தை மெல்ல எழுப்பினார்.

"ஏட்டி, அந்தா பாரு!"

கைகள் நீண்டன. பறை வேகமெடுத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் அதட்டியது.

"இந்தப் பக்கமும் கொஞ்சம் அனுப்புங்க! நாங்க மட்டும் என்ன பாவம் செஞ்சோம்?"

அனுப்பினார். திமிங்கிலம் அவர்களை உரசுகிற மாதிரி இறங்கி வந்தது. கூடாரமே கூவியது. ஒருத்தி எழுந்து நின்று வாலைத் தொடப் பார்த்தாள். ஆரோக்கியத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பறைக்கு ஒரு அலை, கூச்சலுக்கு ஒரு அலை என்று அள்ளி விட்டார். அவரும் சேர்ந்து கத்தினார். ஏற்பாட்டாளர் பதிவுப் படத்தை மறந்துவிட்டுக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மூச்சு வாங்க நஸ்ரினிடம் ஓடினார்.

"மேடம், மேடம்! படம் எப்படி இருந்துச்சு?"

"நான் எங்கண்ணே படத்தப் பார்த்தேன்? உங்க முகத்தையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."