நாற்றம் கெட்ட கதை

அந்தக் காலத்தில், கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்கள்கூட வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் உப்பங்கழியில் அவர்களில் ஒருத்தியான செம்பாயி குடியிருந்தாள். உடம்பெல்லாம் செந்நிறம். சேற்றிலிருந்து எழும் கந்தக வாயுதான் அவளுக்கு அரிசி, வெயில்தான் அடுப்பு. சமைத்தது போக மிஞ்சும் கந்தக மணிகளை மடியில் முடிந்துகொள்வாள். அந்தக் கழியில் யாரும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "நாத்தம் வந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள். அப்போதெல்லாம் நாற்றம் என்றால் நல்ல மணம்.

அவளுக்கு வாய்த்த தம்பி பாசிமுத்து ஒரு பச்சை நிற இம்சை. ஒருநாள், "சீ, நாத்தம்!" என்றான். அந்தச் சொல்லுக்கு முன்னால் 'சீ' போட்டது அவன்தான் முதல். மூக்கே கிடையாது, சுளிப்பு மட்டும் வந்துவிட்டது.

"சோத்தைப் பழிக்காதடா."

"போக்கா. நான் தண்ணியைச் சமைக்கப்போறேன். சுத்தி அதுதானே கெடக்கு?"

"தண்ணி லேசுல உடையாதுடா. உடைச்சா உள்ளேருந்து என்ன வருமோ! சொன்னா கேளு."

சொன்னால் கேட்கிற பிள்ளையா? மறுநாளே உச்சிவெயிலை மொத்தமாகப் பிடித்துத் தண்ணீரை உடைத்தான். வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய பிராணவாயுவை வெளியே கொட்டினான். "எப்படிக்கா, காத்தாட இருக்கா?" என்று கேள்வி வேறு.

காற்றாடவா? செம்பாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளுக்கு அது நஞ்சு.

"நிறுத்துடா பாவி, செத்துருவேன்!"

"வயிறு நிறையுதேக்கா!" ருசி கண்ட பூனை விடுமா?

அவனைத் தலைமுழுகிவிட்டுச் செம்பாயி கீழே இறங்கினாள். அடியாழத்தில் கும்மிருட்டு, அடுப்பு எரியவில்லை. மேலே போனால் சாவு. இரண்டுக்கும் நடுவே, பாசிமுத்து பிடிக்காமல் விட்ட மிச்ச வெயிலில் ஒண்டினாள். அப்போது, வெயில் பிடிக்கத் தெரியாமல் இருட்டில் பட்டினி கிடந்த வெள்ளையன் என்றொருவன் குதூகலமாக மேலே வந்தான்.

"அக்கா, தம்பி கொட்டுறதை வெச்சே நாத்தத்தை எரிச்சுப் பொழச்சுக்கறேன். எனக்கு வெயிலே வேணாம்!"

"நல்லா இருங்கடா! நான் ஒருத்திதான் கேணச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று முதல்தான் பாசி மேலே மிதக்கிறது. வெள்ளையன் வம்சம் பிராணவாயுவும் நாற்றமும் சந்திக்கும் எல்லையில் ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாக நிற்கிறது. செம்பாயி பிள்ளைகள் சேற்றோரம் பதுங்கி வாழ்கிறார்கள். நாற்றம் என்ற நல்ல சொல்லும் அன்று முதல்தான் கெட்டது. அந்தத் தம்பி கொட்டியதைக் குடித்தே பிறந்து வளர்ந்த நாமும், அவள் அடுப்படிப் பக்கம் போனால் "சீ" என்கிறோம். நமக்கு மூக்கு வேறு இருக்கிறது.