நயினார் ஒட்டிய குதிரை

சீடருக்கு ஐம்பத்தொன்பது வயது. குருவுக்கு முப்பத்தொன்று.

பாளையங்கோட்டையில் ஜெபக்கனி வீட்டுக் கார் ஷெட்டுக்குள் கார் இருக்காது. அது பாவம், தெருவில் நின்று வெயிலில் காயும். ஷெட் முழுக்க மரப்பெட்டியும் தகர டின்னும் ஜன்னல் சட்டமும்தான். அதையெல்லாம் அறுத்து, இழைத்து, கம்பி கட்டி அவள் வாத்தியம் செய்வாள். ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள். நயினார் அப்படி ஆசைப்பட்டு வந்தவர். நூல் மில்லில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வயதில் பாதி என்று பார்க்காமல் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கெல்லாம் வந்து நின்றார். சைக்கிள் கேரியரில் துண்டு சுற்றிய வாத்தியம். மனுஷருக்கு மூச்சு வாங்கியது. சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு, வாத்தியத்தைப் பிள்ளையைத் தூக்குவது போல ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"முடிச்சிட்டேன் டீச்சர்."

கடைசி வேலையை இங்கே வந்துதான் செய்ய வேண்டும் என்று ஜெபக்கனி சொல்லி வைத்திருந்தாள். எங்கே கேட்டார்! மூன்று கம்பியும் கையில் இருக்கும்போது எந்த ஆசைக்காரன் பொறுத்திருப்பான்? வியாழக்கிழமையே வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டார்.

அவள் துண்டைப் பிரித்தாள். மில்லில் ஸ்பேனர் வைத்திருந்த பழைய மரப்பெட்டிதான் உடம்பு. ஜன்னல் சட்டம் கழுத்து. அதில் விரல் வைத்து அழுத்தக் குறுக்கே பதித்த மெட்டுகள் ஒவ்வொன்றும் அளவெடுத்தாற்போல நின்றன. அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கம்பியைச் சுண்டினாள். பெட்டி கணீரென்று பேசியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நாலு மாதம் முன்னால் இந்தப் பெட்டிக்குள் எண்ணெய்ப் பிசுக்கு, இன்றைக்கு இந்தச் சத்தம் என்றால் சும்மாவா?

சிரித்து முடித்ததும் நயினாரின் முகம் வாடியது. மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினார்.

வியாழக்கிழமை முதல் சத்தம் வந்தபோது அவர் மனைவி செண்பகவல்லி தோசையை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாளாம். தோசை தீய்ந்தது, கவலைப்படவில்லை. செண்பகவல்லி கும்மிப் பாட்டுப் பாடினால் தெருவே கேட்கும். நாளை சாயங்காலம் தெருவில் குடியிருப்போர் சங்க ஆண்டு விழா. இவர் வாசிக்க, அவள் பாட, இரண்டு பேர் பெயரும் நோட்டீஸில் அச்சாகிவிட்டது. முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மேடை ஏறப்போவது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கே ஒத்திகைக்கு உட்கார்ந்தார்கள். கீழே பாடும்வரை ஒன்றுமில்லை. பாட்டு மேலே ஏறியதும் இவர் வாத்தியத்தோடு அவள் குரல் சேரவில்லை. நிறுத்தினார், நீ இறங்குகிறாய் என்றார். மறுபடி பாடினாள். மறுபடி நிறுத்தினார். இப்படி ஆறு தடவை. ஆறாவது தடவை அவள் எழுந்துவிட்டாள்.

உங்கள் பெட்டியையே பாடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனவள்தான். நேற்று முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. காப்பி வருகிறது, டம்ளர் ணங்கென்று மேஜையில் உட்காருகிறது, அவ்வளவுதான். நாளைக்குப் பாடமாட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதுவும் இவர் காதில் விழுகிற மாதிரி.

"மேல போனா அவளுக்குச் சுதி இறங்குது டீச்சர். அதை ஏத்த என்ன வழி?"

ஜெபக்கனி வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கம்பியை வெறுமனே சுண்டினாள். பிறகு அதே கம்பியை நடு மெட்டில் அழுத்திச் சுண்டினாள். முதலில் வந்த அதே சுரம் ஒரு மாடி மேலே கேட்க வேண்டும். அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு இன்னொரு முறை சுண்டினாள்.

நயினார் கேட்டார். மேலே வந்த சுரம் கொஞ்சம் கூடுதலாக ஏறி நின்றது. இன்னும் மேலே உள்ள மெட்டில் வைத்தாள், இன்னும் ஏறியது.

"அளவு தப்பில்ல டீச்சர். வெர்னியர் வச்சுப் பாத்தேன்."

"அளவு சரிதான் அண்ணாச்சி. ஆனா விரல் அமுக்கும்போது கம்பி இழுபடுது. இழுபட்டா சுதி ஏறும். அதை வெர்னியர் எப்படிக் காட்டும்?"

கம்பிகளைத் தாங்கிக்கொண்டு பெட்டியின் மேல் நிற்கும் சிறு மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். இழுபடுகிற கணக்குக்கு அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். ஜெபக்கனி கட்டைவிரலால் தள்ளினாள். குதிரை அசையவில்லை. குனிந்து பார்த்தாள்.

"ஒட்டிட்டீங்களா?"

ஒட்டியிருந்தார். போதாததற்கு இரண்டு ஸ்குரூவும் போட்டிருந்தார். மில்லில் ஒரு உருப்படி லூசாக இருந்தால் மெஷினே ஆட்டம் கண்டுவிடும். முப்பத்தாறு வருஷத்தில் அவர் கை பட்ட எதுவும் ஆடியது கிடையாது. அந்தப் பெருமையோடுதான் முடுக்கினார். இப்போது அந்த இரண்டு ஸ்குரூவையும் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அப்படியானால் செண்பகவல்லி இறங்கவே இல்லை. அவள் நின்ற இடத்தில்தான் நின்றாள். ஏறிப் போனது பெட்டி. அதை நம்பி அவளை ஆறு தடவை நிறுத்தியிருக்கிறார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அவர் நிமிர்வதற்குள் ஜெபக்கனி கம்பிகளைத் தளர்த்தி, ஸ்குரூவைக் கழற்றி, அடுப்பில் கத்தியைச் சூடு பண்ணிக்கொண்டு வந்துவிட்டாள். கத்தி முனை குதிரைக்கு அடியில் போனது. நாளை சாயங்காலம் கச்சேரி, இன்றைக்கு இந்தக் கூத்து. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டக்கென்று ஒரு சத்தம். திரும்பினால் குதிரை அவள் உள்ளங்கையில் இருந்தது.

அதைப் பசையில்லாமல் சும்மா பெட்டியின் மேல் நிறுத்தி, கம்பிகளை அதன் மேலாக இழுத்து முறுக்கினாள். பிறகு வாத்தியத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். நயினார் பதறிப்போய் இரண்டு கையையும் கீழே ஏந்தினார். குதிரை விழவில்லை.

"எது பிடிச்சிருக்கு டீச்சர்?"

"கம்பி மேலேருந்து அமுக்குதுல்ல. அது போதும்."

அவர் விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். நகர்ந்தது. மெட்டில் அழுத்திச் சுண்டினார். சுதி கொஞ்சம் இறங்கி வந்தது. இன்னும் தள்ளினார், இன்னும் வந்தது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆஹா, இவ்வளவுதானா! போன உயிர் திரும்பி வந்தது. பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். சரியான இடத்தில் கோடு போட்டுக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன் என்றார்.

ஜெபக்கனி பென்சிலை வாங்கவில்லை. வாத்தியத்தைத் துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். இங்கே வேண்டாம், வீட்டில் போய்ச் சரி பண்ணுங்கள் என்றாள்.

"வீட்டுல எதை வச்சு டீச்சர் சரி பாக்க?"

"மதினி குரலை வச்சு."

நயினார் ஷெட் வாசல் வரை போனார். சைக்கிளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"அவதான் பாடமாட்டேன்னுட்டாளே. இப்ப தப்பு என் மேலதான்னு அவகிட்ட எப்படிச் சொல்ல?"

"சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. மதினி முன்னால உக்காந்து குதிரையை நகத்துங்க. தப்பா நகத்துனீங்கன்னா, பொறுக்க முடியாம அவங்களே பாடிக் காட்டுவாங்க."