பழைய நம்பருக்கு லைன் இல்லை

நம்பரை ஒரே நாளில் மாற்றலாம், விரலின் பழக்கத்தை மாற்ற முடியுமா? முடியும் என்றார் ஆஸ்பத்திரி சூப்பிரண்டு குலசேகரன்.

உள் போன் நம்பர்கள் மூன்று இலக்கத்திலிருந்து நான்காக மாறிய அன்று, ஆபரேட்டர் ஜெபக்கனிக்கு உத்தரவு போட்டார்: "பழைய நம்பரை அழுத்தினா கால் உன்கிட்டதான் வரும். யாருக்கும் லைன் கொடுக்காதே. அப்பத்தான் புதுசை மனசுல ஏத்துவாங்க."

மத்தியானம் பிரசவ வார்டு நர்ஸ் பதற்றத்தில் ரத்த வங்கியின் பழைய நம்பரை அழுத்தினாள். ஜெபக்கனி லைன் கொடுத்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சேதி தெரிந்து சூப்பிரண்டு ஆபரேட்டர் அறைக்கே வந்துவிட்டார். "உன்னை இப்பவே வேலையை விட்டுத் தூக்கச் சொல்றேன்" என்று அங்கிருந்த போனை எடுத்து, மேனேஜரின் நம்பரை அழுத்தினார்.

ஜெபக்கனியின் முன்னால் இருந்த போன் போர்டில் விளக்கு எரிந்தது. எடுத்தாள்.

"சார், இது பழைய நம்பர். லைன் கொடுக்கட்டுமா, வேண்டாமா?"