மொந்தன் கேட்ட விலை

பொன்னுரங்கத்துக்குச் சோறு போட்டது அவர் தொண்டைதான். ஆற்றங்கரை வாழைத்தார் மண்டியில் முப்பது வருஷமாக ஏலம் கூவுகிறவர். அவர் "ஒரு தரம்" என்று எடுத்தால் அக்கரையில் துணி துவைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வடிவம்மாவின் மடத்துக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டுதான் நுழைந்தார்.

"அம்மா! என் மானம் போகுதும்மா!"

வடிவம்மா அவருக்குக் குரு. வயசில் அவரைவிடப் பத்து வருஷம் சின்னவர்தான். ஆனாலும் ஊரில் பாதிப் பேர் மனசு சரியில்லை என்றால் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அப்போது அவர் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா, நான்தான் பொன்னுரங்கம்!"

அடுத்த ஆளின் கிண்ணத்தில் ஒரு அகப்பைக் கஞ்சி விழுந்தது.

பொன்னுரங்கம் செருமினார். வரிசையில் கிடந்த ஒரு தம்ளரை எடுத்துத் தரையில் தட்டினார். "அம்மாவுக்குக் காது கேட்கலையா என்ன?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் தன் துவையலைப் பார்த்துக்கொண்டார். கடைசியில், பெரிய தாருக்கு மட்டும் எடுக்கிற குரலை எடுத்து "அம்மாஆஆ!" என்றார். வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிப் போயின. வடிவம்மா திரும்பவில்லை.

சீ என்று ஆகிவிட்டது அவருக்கு. சம்மணம் போட்டு உட்கார்ந்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, வாயை மூடினார்.

மூடின கொஞ்ச நேரத்தில் அவர் முன்னால் ஒரு கிண்ணம் வந்தது. விளிம்பு வரை கஞ்சி, பக்கத்தில் இரண்டு உருண்டைத் துவையல். மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றுதான்.

"இப்பச் சொல்லுங்க," என்றார் வடிவம்மா, எதிரில் உட்கார்ந்து.

"நாய்க்குட்டிம்மா. மண்டி வாசல்ல கிடந்துச்சு, தூக்கிட்டு வந்தேன். குண்டு வாழைக்காய் மாதிரி இருந்ததால மொந்தன்னு பேர் வச்சேன். தங்கமான குட்டி. ஆனா நாங்க சாப்பிட உட்கார்ந்தா போதும், வள்வள்னு ஒரே குரைப்பு. மக பூங்கோதை பிரசவத்துக்கு வந்திருக்கா, தொட்டில்ல புள்ளை தூங்குது. இது குரைக்குது, அது அழுவுது, அவ எழுந்து ஓடுறா, சோறு தட்டுலயே காயுது."

"பசியா இருக்கும்."

"பசியா? வயிறு முட்ட அதுக்குப் போட்டுட்டுத்தான் நாங்க உட்கார்றோம்!"

"சரி. மானம் எதுக்குப் போகுது?"

"வர்ற ஞாயித்துக்கிழமை சம்பந்தி பேரனைப் பார்க்க வர்றார். சாப்பாடு எங்க வீட்ல. அன்னைக்கும் இது குரைச்சா சாயங்காலமே தன் தம்பியோட தென்னந்தோப்புக்கு அனுப்பிடுவேன்னு என் சம்சாரம் சொல்லிட்டா. செண்பகம் சொன்னா சொன்னதுதான்."

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், மண்டியில் இருநூறு பேர் அவர் வாயைப் பார்ப்பார்கள். வீட்டில் ஒருவரும் பார்ப்பதில்லை. செண்பகத்துக்கு அடுப்பு, மகளுக்குக் குழந்தை. அவர் ஏதாவது ஆரம்பித்தால் "இருங்க, அப்புறம்" என்பார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. மொந்தன் ஒன்றுதான் அவர் பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்கும். அதையும் தோப்புக்கு அனுப்பிவிட்டால் மனுஷர் யாரோடு பேசுவார்?

"குரைச்சா நீங்க என்ன செய்வீங்க?"

"அதட்டுவேன்."

"கேட்குமா?"

"எங்க கேட்குது! அப்பளத்துல ஒரு துண்டு ஒடிச்சுப் போடுவேன். நின்னுடும்."

"மறுநாள்?"

"மறுநாள் அப்பளத்துக்கு நிக்கலம்மா. நெத்திலி போட்டேன்."

"அதுக்கு மறுநாள்?"

பொன்னுரங்கம் கொஞ்சம் நெளிந்தார். "முட்டை."

வடிவம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அது குரல் கொடுக்கக் கொடுக்க நீங்க ஏத்திக்கிட்டே போயிருக்கீங்க. உங்க வீட்ல ஏலம் விடறது யாரு?"

"தொழில் பழக்கம்மா. ஒரு குரல் எழும்பினா பதில் குரல் கொடுக்காம என்னால இருக்க முடியாது. கொடுக்கலேன்னா ஏலம் செத்துடும்."

"சாகட்டுமே. நான் இப்ப செஞ்சதை வீட்ல எல்லாருமாச் செய்யுங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க? என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலையே!"

"ஆமா."

பொன்னுரங்கம் கிண்ணத்தைப் பார்த்தார், துவையலைப் பார்த்தார். பாதிதான் விளங்கியது. அவர் எழுந்து போகும்போது வடிவம்மா அகப்பையால் பானை விளிம்பில் ஒரு தட்டு தட்டி, "ஒரு தரம்," என்றார். தன் தொழிலைக் கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனார்.

வீட்டில் சட்டம் போட்டார். மொந்தன் குரைத்தால் யாரும் அதைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, கை ஓங்கக் கூடாது. "சரிங்க," என்றாள் செண்பகம். அவர் சொன்ன எதற்கும் அவள் அவ்வளவு சட்டென்று சரி சொன்னதில்லை. அவருக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் மறுபடியும் மடத்துக்கு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"உங்க வைத்தியம் பலிக்கலம்மா. முன்னாடி குரைச்சுது, இப்போ ஊளையே விடுது. நேத்து என் வேட்டி நுனியைக் கவ்விக்கிட்டுப் பின்னாடி இழுக்குது. நான் ஒரு கையில சோறு, ஒரு கையில வேட்டி."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். செண்பகம் தாங்கினா, மகளும் தாங்கினா. என்னாலதான் முடியல. கடைசியில 'வாயை மூடுடா படவா'ன்னு ஒரு கத்துக் கத்தினேன்."

"மூடிச்சா?"

"புள்ளை முழிச்சுக்கிச்சு."

வடிவம்மா கஞ்சிப் பானையைக் கலக்கிக்கொண்டே கேட்டார். "மண்டியில நீங்க ரெண்டு தரம்னு சொன்னதும் என்ன நடக்கும்?"

இது அவருக்குத் தெரிந்த பாடம். நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுவரைக்கும் வெத்தலை போட்டுக்கிட்டு நின்னவன்கூட அப்பத்தாம்மா துள்ளுவான். தார் கையைவிட்டுப் போகப்போகுதுன்னு தெரிஞ்சிடும்ல? அடடா, என்னா கத்து கத்துவாங்க தெரியுமா? உச்சக் குரலெல்லாம் அந்த நேரத்துலதான்…"

பாதியில் நின்றுவிட்டார்.

"அட," என்றார்.

வடிவம்மா கலக்குவதை நிறுத்தி அவரைப் பார்த்தார்.

"முடியப்போகுதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்து மறுபடியும் முதல்லேர்ந்து ஏலத்தை ஆரம்பிச்சு வச்சிருக்கேன்!"

"அது வாயை மூடிக்கிட்டு இருக்கிறப்போ என்ன கொடுப்பீங்க?"

"மூடிக்கிட்டு இருக்கிறப்போ எதுக்கும்மா கொடுக்கணும்? அதுதான் சும்மா இருக்கே. நான் பாட்டுக்குச் சாப்பிடுவேன்."

"அன்னைக்கு உங்களுக்கு எதுக்கு ரெண்டு உருண்டைத் துவையல்?"

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். "வாயை மூடினதுக்கா?" என்றார். மூடிக்கொண்டார்.

அகப்பை பானை விளிம்பில் தட்டியது. "ரெண்டு தரம்," என்றார் வடிவம்மா.

அன்று மத்தியானம் மொந்தன் ரசம் வரைக்கும் குரைத்தது. தட்டுகளைத் தவிர யாரும் எதையும் பார்க்கவில்லை. மோருக்கு வந்தபோது அதற்கே அலுத்துப்போய், கதவோரத்துச் சாக்கில் தொப்பென்று உட்கார்ந்தது. உட்கார்ந்த உடனே பொன்னுரங்கம் "என் ராசா," என்று மெதுவாகச் சொல்லி ஒரு நெத்திலியைச் சாக்கில் வைத்தார். மொந்தன் நெத்திலியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. இது என்ன புதுக் கணக்கு என்று அதற்குக் குழப்பம். வெள்ளிக்கிழமை குழம்போடு நின்றது. சனிக்கிழமை ஒரே ஒரு குரைப்பு, நேராகச் சாக்கு.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி மருதமுத்து வந்தார். தலைவாழை இலை, ஆட்டுக்கறிக் குழம்பு. பூங்கோதையும் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செண்பகம் பரிமாறினாள். முதல் கவளம் வாய்க்குப் போவதற்குள், புது ஆளைக் கண்ட மொந்தன் "வள்!" என்றது.

"நாய் குரைக்குதே, சம்பந்தி?" என்றார் மருதமுத்து.

யாரும் பதில் சொல்லவில்லை. செண்பகம் குழம்பை ஊற்றினாள். பூங்கோதை இலையின் நரம்பைப் பார்த்தாள். பொன்னுரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உப்பைப் பார்த்தார். இது இந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்த மருதமுத்துவும் தலையைக் குனிந்துகொண்டார். மொந்தன் இன்னொரு தரம் "வள்" என்றது. அதில் சத்தே இல்லை. பிறகு நடந்து போய்ச் சாக்கில் படுத்துக்கொண்டது.

பொன்னுரங்கம் ஒரு எலும்பை அதன் முன்னால் வைத்தார். மொந்தன் தப்பித்துவிட்டது. தோப்பு கிடையாது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜெயித்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியுமா அவரால்?

"சம்பந்தி, நாயைப் பழக்கறது எப்படின்னா…" என்று ஆரம்பித்தார்.

மருதமுத்து செண்பகத்திடம் பேரன் எப்போது குப்புற விழுந்தான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் செருமினார். தம்ளரைத் தட்டினார். "சம்பந்தி!" என்றார். செண்பகம் பேரன் கதையை விடவில்லை. பொன்னுரங்கத்துக்குத் தாங்கவில்லை. பெரிய தாருக்கான குரல் தானாகவே கிளம்பிவிட்டது.

"நான் என்ன சொல்ல வர்றேன்னா!"

தொட்டிலில் பேரன் வீல் என்றான். பூங்கோதை எழுந்து ஓடினாள். மொந்தன் சாக்கிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அது மட்டும் வாயைத் திறக்கவில்லை.

செண்பகம் திட்டுவாள் என்று காத்திருந்தார். "மெதுவாப் பேசினா என்ன கொள்ளை?" என்று எப்போதும் கேட்பாள். இன்றைக்குக் கேட்கவில்லை. முறைக்கவும் இல்லை. அவர் அங்கே இல்லவே இல்லாத மாதிரி மருதமுத்துவுக்கு ரசம் ஊற்றினாள்.

அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டு, வாயை மூடினார்.

மூடின கொஞ்ச நேரத்தில் அவர் இலையில் ஏதோ விழுந்தது. நல்லி எலும்பு. குழம்பிலேயே பெரியது.

நிமிர்ந்து பார்த்தார். கரண்டியும் கையுமாகச் செண்பகம் முன்னால் நின்று, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பச் சொல்லுங்க," என்றாள்.

மறுநாள் மடத்துக்குப் போனவர் சத்தமில்லாமல் வரிசையில் உட்கார்ந்தார். வடிவம்மாதான் தேடிக்கொண்டு வந்தார்.

"மொந்தன்?"

"இருக்கும்மா. இங்கேயே இருக்கட்டும்னு செண்பகமே சொல்லிட்டா."

"பின்னே ஏன் முகம் இப்படி இருக்கு?"

"செண்பகம் இங்க வந்தாளாம்மா?"

"வந்தாங்களே. உங்களுக்கு ஒரு நாள் முன்னாடி, போன திங்கட்கிழமை."

"நாய்க்காகவா?"

"நாய்க்காகத்தான். எல்லாம் கேட்டுக்கிட்டாங்க. நாலு நாள்ல அடங்கிடும்னு சொன்னேன். போறப்போ ஒரே ஒரு சந்தேகம். நாய்க்குட்டிக்கு நாலு நாள்னா, முப்பது வருஷத் தொண்டைக்கு எத்தனை நாள் ஆகும்னாங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. பொன்னுரங்கமும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

"கோபமா?" என்றார் வடிவம்மா.

"இல்லம்மா. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். 'சொல்லுங்க'ன்னு அவ என் முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னது நேத்துதான். நின்னா… எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லம்மா."

"அப்புறம்?"

"அவ கையில கரண்டி இருந்துச்சு. எல்லாருக்கும் போட்டுக்கிட்டே இருந்தா. இத்தனை வருஷமா அப்படித்தான் போட்டிருக்கா. 'நீ சாப்பிட்டியா'ன்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"கரண்டியைக் குழம்புல போட்டுட்டு, ஒரு இலையை எடுத்து என் பக்கத்துல விரிச்சு உட்கார்ந்துட்டா. நான் எழுந்து பரிமாறினேன்."

வடிவம்மா அவர் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றினார். அகப்பையால் பானை விளிம்பில் தட்டினார்.

"மூணு தரம்," என்றார்.