ஈச்சங்காட்டு வண்டிக்கு இன்ஜின்

ஈச்சங்காட்டு வெள்ளையன் தொழில் கற்றுக்கொள்ள மலையிலிருந்து இறங்கி வந்தபோது அவனுக்கு வயது நாற்பத்தாறு. அவன் தேடி வந்த மேஸ்திரி ஜரினாவுக்கு முப்பத்திரண்டுதான். அடிவாரத்தில் ஆட்டோ பழுதுபார்க்கும் பட்டறை நடத்திக்கொண்டிருந்தாள். வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவாள் என்று அந்த வட்டாரத்தில் பேச்சு.

"இந்த வயசுல எதுக்குண்ணா?" என்று கேட்டாள்.

"எங்க ஊருக்கு ரோடு கிடையாது மேஸ்திரிம்மா. எந்த வண்டியும் வராது. வர்ற மாதிரி ஒண்ணு நானே செய்யணும்."

அதற்கு முந்தின மழையில் நடந்ததை அவன் சொல்லவில்லை. தம்பி சென்றாயனின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலியாக்கி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஏழு கிலோமீட்டர். பிள்ளை பாதி வழியிலேயே பிறந்தது. அழவில்லை. வெள்ளையன் முன்பக்க மூங்கிலுக்குத் தோள் கொடுத்திருந்தான்.

ஜரினா அவன் கையில் ஸ்பேனரைக் கொடுத்தாள்.

இரண்டு வருடம் போயிற்று. வெல்டிங் வைக்கக் கற்றான். கிளட்ச் பிரிக்கக் கற்றான். வேலை முடிந்த பொழுதெல்லாம் பட்டறையின் பின்புறம் இரும்புக் குழாய்களை வளைத்து ஒரு சட்டம் கட்டினான். நான்கு சக்கரம், ஒரு ஸ்டீயரிங், பின்னால் ஒரு ஆள் படுக்க இடம். மேலே கூரை இல்லை, பக்கத்தில் கதவும் இல்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவன் கவலைப்படவில்லை.

மிச்சம் இருந்தது இன்ஜின் ஒன்றுதான்.

பட்டறையில் மூன்று இன்ஜின்கள் கிடந்தன. ஒன்று விபத்தில் நசுங்கிப்போன காரிலிருந்து எடுத்தது. ஒன்று பெரிய பைக்கினுடையது. மூன்றாவது, மூலையில் எண்ணெய் படிந்து கிடந்த ஆட்டோ இன்ஜின். கார் இன்ஜினை வெள்ளையன் ஏற்கெனவே மூன்று முறை துடைத்து வைத்திருந்தான்.

"எதைப் போடலாம் மேஸ்திரிம்மா?"

"உங்களுக்கு எது வேணும்?"

"காரு இன்ஜின்தான். யானை மாதிரி இழுக்கும். எங்க மலை ஏறணும்னா அந்த பலம் வேணும்."

ஜரினா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு உங்க ஊருக்குப் போகலாம்" என்றாள்.

மறுநாள் காலை இருவரும் நடந்தே ஏறினார்கள். வழியெல்லாம் வெள்ளையன் பேசிக்கொண்டே வந்தான். இந்த மேட்டில் இன்ஜின் எப்படி உறுமும், அந்தப் பாறையை வண்டி எப்படித் தாண்டும் என்று கைகாட்டிச் சொன்னான். ஜரினா கேட்டுக்கொண்டு வந்தாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"டோலி எங்க?" என்றாள்.

சென்றாயன் கொண்டுவந்து வைத்தான்.

"படுங்கண்ணா."

"யாரு?"

"நீங்கதான்."

ஊர்க்கவுண்டர் குறுக்கே வந்தார். "நோவு இல்லாதவன் டோலியில படுக்கக் கூடாதும்மா. வீட்டுக்கு ஆகாது."

"அப்ப நான் படுத்துக்கிறேன்" என்று ஜரினா செருப்பைக் கழற்றினாள்.

வெள்ளையன் அவசரமாக முந்திக்கொண்டு படுத்தான்.

முப்பது தடவையாவது அவன் டோலி சுமந்திருப்பான். சுமக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. சென்றாயனும் இன்னும் மூவரும் தூக்கினார்கள். பூமி அவனை விட்டுப் போயிற்று. மரக்கிளைகளும் வானமும் தலைக்கு மேல் ஆடின. சமதரையில் சிரிப்பாகத்தான் இருந்தது. சரிவு தொடங்கியதும் சிரிப்பு நின்றது. தலை தாழ்ந்து, கால் மேலே போனது. ரத்தமெல்லாம் முகத்தில் வந்து முட்டியது. முன்னால் போகிறவர்களின் முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் நடுங்குவது மூங்கில் வழியாக அவன் முதுகுக்கு வந்தது. வழுக்குப்பாறையில் ஒருவனுக்குக் கால் சறுக்கியது. வெள்ளையன் எதையாவது பிடிக்கக் கையை நீட்டினான். பிடிக்க ஒன்றுமில்லை. கம்பளியைத்தான் கசக்கினான்.

ஒரு இடத்தில், சென்றாயன் மனைவி கத்திய இடத்தில், அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தான்.

அடிவாரத்தில் இறக்கினார்கள்.

"எங்கண்ணா பயந்தீங்க?" என்று ஜரினா கேட்டாள்.

"சரிவுல. வழுக்குப்பாறையில. கொண்டை ஊசி வளைவுல."

"ஏறுற வழியில?"

"ஏறும்போது டோலியில யாரு இருக்கா? காலியாத்தான…"

வாக்கியம் பாதியில் நின்றது. வெள்ளையன் மலையைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். ஜரினா பட்டறையைத் திறக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவன் கார் இன்ஜினுக்குச் சாக்கைப் போர்த்தினான். மூலையில் கிடந்த ஆட்டோ இன்ஜினை இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான்.

"ஏன் இது?" என்றாள் ஜரினா.

"காரு இன்ஜின் கனம். இறங்கும்போது அதோட கனமே வண்டியைத் தள்ளும். பைக் இன்ஜினுக்கு எதிர்க்காத்து வேணும், மெதுவா போனா கொதிக்கும். வளைவுல பின்னால எடுக்கவும் முடியாது. இதுக்கு ஃபேன் இருக்கு. ரிவர்ஸ் இருக்கு. பல்சக்கரத்தைப் பெரிசாப் போட்டா முதல் கியர்லயே பிடிச்சுக்கிட்டு இறங்கும்."

"ஏறுறது?"

"மெதுவா ஏறட்டும்."

ஜரினா தலையசைத்தாள். அதோடு அவன் நிற்கவில்லை. கட்டி முடித்த சட்டத்தின் பின்பாதியை அறுத்துப் போட்டான். படுக்கையைத் திருப்பி வைத்தான், சரிவில் போகும்போதும் படுத்திருப்பவரின் தலை மேட்டுப் பக்கம் இருக்கும்படி. ஸ்பிரிங் பட்டையில் இரண்டைக் கழற்றி மென்மையாக்கினான். இரண்டு பக்கமும், கை எட்டும் தூரத்தில், பிடித்துக்கொள்ள உருண்டைக் கம்பி வைத்தான். அந்தக் கம்பிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றினான்.

வண்டி தயாரான நாளில் அதன் மலையேற்றம் பார்க்க ஊரே கூடியிருந்தது. வண்டி ஏறினால் வழியில் நான்கு இடத்தை வெட்டி அகலப்படுத்த வீட்டுக்கு ஒரு ஆள் வருவதாகக் கவுண்டர் சொல்லியிருந்தார். ஏறாவிட்டால் இந்தப் பேச்சை இனி எடுக்கவே கூடாது.

வண்டி ஏறியது. ஆனால் நடை வேகத்தில். கூடவே நடந்து வந்த இளவட்டங்கள் கேலி செய்தார்கள்.

"நான் முன்னால போயி சோறு ஆக்கி வைக்கட்டுமா மாமா?"

வளைவுகளில் வெள்ளையன் பின்னால் எடுத்து, முன்னால் விட்டு, மறுபடி பின்னால் எடுத்தான். வழுக்குப்பாறையில் சக்கரம் ஒரு நிமிடம் சுற்றியது. கேலி அடங்கியது. பிறகு சக்கரம் கவ்வியது. ஊர் எல்லையில் வண்டி வந்து நின்றபோது வேர்வையோடு சிரிப்பும் அவன் முகத்தில் வழிந்தது. பெண்கள் குலவை இட்டார்கள்.

கவுண்டர் வண்டியைச் சுற்றி வந்தார். "ஏறிடுச்சு. ஆளைப் போட்டு இறக்குமா?"

"இறக்கும்" என்றான் வெள்ளையன்.

சொன்ன பேச்சு மாறாமல் மறுநாளே வீட்டுக்கு ஒரு ஆளாக மண்வெட்டியோடு வந்தார்கள்.

மூன்றாவது வாரம், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், பச்சையம்மா என்ற பெண்ணுக்கு வலி கண்டது. முதல் பிரசவம். சென்றாயனும் மற்ற மூவரும் பழக்கத்தில் டோலியோடு ஓடி வந்தார்கள். வெள்ளையன் வண்டியைக் கிளப்பியிருந்தான். பச்சையம்மாவைப் படுக்க வைத்து, மேலே தார்ப்பாயைக் கட்டினார்கள். அவள் கை தானாகவே கம்பியைத் தேடிப் பிடித்தது.

"நாங்க பின்னாலயே வர்றோம்ணா" என்றான் சென்றாயன். மூங்கில் அவன் தோளில் இருந்தது.

சரிவில் வெள்ளையன் முதல் கியரில் விட்டான். இன்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்தது, தும்பைப் பிடித்து மாட்டை இறக்குகிறவனைப் போல. வழுக்குப்பாறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பிரேக்கை மிதிக்கவில்லை. மூச்சையும் விடவில்லை. நான்கு சக்கரமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையை விட்டு மண்ணில் இறங்கின.

"நிறுத்திடாத மாமா" என்று பச்சையம்மா பின்னாலிருந்து சொன்னாள்.

"நிறுத்த மாட்டேன் தாயி."

சென்றாயன் மனைவி கத்திய இடம் வந்தது. வண்டி அதைத் தாண்டிப் போயிற்று.

டோலிக்கு நான்கு மணி நேரம் ஆகும் வழி. வண்டி அறுபத்தைந்து நிமிடத்தில் அடிவாரம் வந்தது. போனில் சேதி கிடைத்து ஜரினா ஆட்டோவோடு காத்திருந்தாள். பச்சையம்மாவை மாற்றி ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள்.

பின்னாலேயே இறங்கி வந்த கவுண்டரும் மற்ற எல்லோரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரத் துணியோடு நின்றார்கள். ஓடி வந்த நால்வரும் மூங்கிலை என்ன செய்வதென்று தெரியாமல் தோளிலேயே வைத்திருந்தார்கள். நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு உள்ளேயிருந்து பிள்ளை அழுதது. சாதாரண அழுகை இல்லை. கூரை கிழிகிற அழுகை. சென்றாயன் அண்ணனைக் கட்டிக்கொண்டு தானும் அழுதான். கவுண்டர் தலைத்துண்டை அவிழ்த்துக் காற்றில் வீசி, "எங்க ஊரு வண்டிடா!" என்று யாரென்றே தெரியாத வாட்ச்மேனிடம் சொன்னார். நர்ஸ் வந்து, சத்தம் போடாதீர்கள் என்று அதட்டினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் அதட்டினாள்.

ஆரவாரம் தணிந்ததும் வெள்ளையன் வெளியே வந்தான். ஜரினா ஆட்டோவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் ஒன்று சொன்னாள்.

"ஒண்ணு கேக்கணும் மேஸ்திரிம்மா."

"கேளுங்க."

"எந்த இன்ஜின்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும். ஏன் நேரா சொல்லல?"

ஜரினா கடைசி மடக்கைக் குடித்து, கிளாஸைக் கீழே வைத்தாள்.

"சொல்லியிருந்தா இன்ஜினை மட்டும்தான் மாத்தியிருப்பீங்கண்ணா."