தாத்தா எறங்குன படி

திருப்பூர்ல பனியன் கம்பெனி தாமோதரன் மூணு மாடி வீடு கட்டினாரு. மேல பூஜை ரூம் இருக்குதுன்னு, பேரன் ஒண்ணுக்குப் போற சட்டி கீழதான் இருக்கணும்னு சட்டம் போட்டாரு. தனக்கு மட்டும் மேலயே பாத்ரூம். ரெண்டு வயசுப் புள்ள மூணாவது மாடியில விளையாடும். எறங்கறதுக்குள்ள பாதிப் படியிலயே ஆயிரும்.

"இனி ஒரு சொட்டு படியில விழுந்தா உனக்கு வேலை இல்ல"ன்னாரு, ஆயா செங்கமலத்துகிட்ட. அவ சம்பளத்துலதான் அவ வீட்டு அடுப்பு எரியுது.

"சரிங்க. புள்ளைங்க பெரியவங்களப் பாத்துத்தானுங்க பழகும். நாளைக்கு ஒரு நாள் நீங்களும் ஒண்ணுக்குக் கீழயே வந்து போங்க"ன்னா.

"இதென்ன பெரிய விசயம்!"னு மீசையத் தடவினாரு.

அவரு சக்கரைக்கு மாத்திரை போடறவரு. மறுநாள் ரெண்டு தடவ எறங்கி ஏறினாரு. மூணாந்தடவ, இளநி குடிச்சுட்டு ஓடி வந்தவரு, பாதிப் படியில கைப்பிடியப் புடிச்சு நின்னுட்டாரு.

"தாத்தா, ஓடு!"ன்னு பேரன் கை தட்டறான்.

"செங்கமலம்! அந்தச் சட்டிய மேல கொண்டா!"

"மேல சாமி இருக்குதுங்களே?"

"சாமி ஒண்ணும் நெனைக்காது, கொண்டா புள்ள!"

சாயங்காலமே மாடியில பேரனுக்குன்னே ஒரு சட்டி வந்துருச்சு. செங்கமலம் வேலையும் தப்பிச்சுது. அன்னிக்கு அந்தப் படிய ஏன் தொடச்சோம்னு மட்டும் அவ யாருகிட்டயும் சொல்லல.