சாபம் வாசிக்கும் வாரம்

“கடவுளுக்கு ஏன் இவ்வளவு கெட்ட வாய், ரபி?” என்று கேட்டார் அஸ்ரியேல்.

ரபி ஹனோக் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். கையில் அகப்பட்ட கல்லை எறிந்துவிட்டு நிமிர்ந்தார்.

“எந்த இடத்துல?”

“நாளைக்கு ஜெபக்கூடத்துல வாசிக்கப் போற வேதப் பகுதியிலதான். எண்ணிப் பார்த்தேன். ஆசீர்வாதம் பதினாலு வசனம். சாபம் ஐம்பத்து நாலு. நோய், பஞ்சம், பைத்தியம், அடிமைத்தனம், ஒண்ணையும் விட்டு வைக்கலை. நம்மைப் பெத்தவர்னு சொல்றோம். பெத்தவர் இப்படியா சபிப்பார்?”

கலிலேயா மலைப்பக்கத்தில் யூதர்களின் சிற்றூர் அது. ரபிக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து மூன்று. பாதி ஆயுளை எண்ணெய்ச் செக்கோடு கழித்துவிட்டு, போன ஆண்டுதான் படிக்க உட்கார்ந்தவர் அஸ்ரியேல். அவருக்கும் செக்கு மாட்டுக்கும் பிடிவாதத்தில் போட்டி வைத்தால் மாடு தோற்றுவிடும். ரபி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

பதில் வருவதற்குள் ஓர் அலறல்.

ரபியின் மூன்று வயது மகள் தீர்சா முற்றத்துக் கிணற்றுச் சுவர்மேல் ஏறி, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடி பாழாப் போனவளே! விழுந்து தொலைடி! கை கால் ஒடிஞ்சு கிடந்தாத்தான் உனக்கெல்லாம் புத்தி வரும்!”

ரபியின் மனைவி சிப்போரா சமையலறையிலிருந்து மாவுக் கையோடு கத்திக்கொண்டே பாய்ந்து வந்தாள். பிள்ளையை வாரி இழுத்தாள். முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அவளை இறுக்கிக்கொண்டு அழுதாள். தீர்சாவின் தலையெல்லாம் மாவு.

எழுந்தோடப் பார்த்த ரபி மறுபடி உட்கார்ந்தார். எழுந்த வேகத்தில் பயறு பாதி கீழே சிந்தியிருந்தது.

“அண்ணே, சிப்போராவோட செருப்பைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்.”

ஒரு செருப்பு சமையலறை வாசலில் கிடந்தது. இன்னொன்று முற்றத்தின் நடுவில் குப்புறக் கிடந்தது. அஸ்ரியேல் இரண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்தார். கேள்வி கேட்டால் செருப்புப் பொறுக்க விடுகிறாரே என்று அவருக்குக் கோபம்தான்.

“சிப்போரா என்ன சொன்னா?” என்று கேட்டார் ரபி.

“விழுந்து தொலைன்னு சொன்னாங்க.”

“அப்படியா?” என்று மட்டும் சொல்லிவிட்டு, சிந்திய பயறைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அஸ்ரியேல் செருப்புகளை அருகருகே வைத்தார்.

“யெமீமாவுக்கு இது ஒன்பதாம் மாசமாம். மீன்காரி சொன்னா.”

யெமீமா அவருடைய ஒரே மகள். சென்ற ஆண்டு, தோல் பதனிடும் ஒருவனைக் கட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் போனவள். தோல் நாற்றம் பிடித்தவனுக்குப் பெண் கொடுப்பதா என்று அன்று தெருவே கேட்கக் கத்தினார் அஸ்ரியேல்.

“அன்னிக்கு அவளைச் சபிச்சேன், ரபி. உன் மடியில பிள்ளை தவழக் கூடாதுன்னு சொன்னேன். இப்ப அவ வயிறு நிறைஞ்சிருக்கு. நான் சொன்னது பலிச்சிடுமா?”

ஐம்பத்து நாலு வசனத்தையும் அவர் ஏன் எண்ணினார் என்று ரபிக்குப் புரிந்தது.

“சொன்னப்ப நீங்க எங்கே இருந்தீங்க?”

“என் வீட்டு வாசல்ல.”

“அவ?”

“தெருவுல போயிட்டே இருந்தா. திரும்பித் திரும்பிப் பார்த்தா.”

“உங்க செருப்பு?”

அஸ்ரியேல் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“கால்லயேதான் இருந்தது,” என்றார்.

சிப்போராவின் அடுப்பில் ரொட்டி வெந்துவிட்டது. ரபி இரண்டு ரொட்டிகளைத் துணியில் முடிந்து நீட்டினார்.

“பொழுது சாயறதுக்குள்ள, ஊர் எல்லையில இருக்கிற அத்திமரத்தடியில இதை வச்சுட்டு வாங்க.”

மறுநாள் ஓய்வுநாள். அன்று எவரும் ஊரைத் தாண்டி இரண்டாயிரம் முழத்துக்கு மேல் நடக்கக் கூடாது. அத்திமரம் நிற்பது அந்த எல்லையில். முன்தினமே அங்கே இரண்டு வேளை உணவை வைத்துவிட்டால், ஓய்வுநாளில் அந்த இடமே ஒருவனின் வீடாகக் கணக்கு. அங்கிருந்து இன்னோர் இரண்டாயிரம் முழம் நடக்கலாம்.

“யாருக்கு இது?” என்றார் அஸ்ரியேல்.

“நம்ம ஊர்ல யாருக்கு நடக்கணுமோ அவங்களுக்கு. யெமீமா வீடு அவ்வளவு தூரத்துக்குள்ள வருமோ என்னமோ.”

“மூவாயிரத்து நானூறு முழம்,” என்றார் அஸ்ரியேல்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அளந்தீங்களா?”

“அவ வீட்டு வேலி வரைக்கும்.”

“எத்தனை தடவை?”

“நாலு தடவை. வேலியோட திரும்பிட்டேன்.”

ரபி சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க மிகவும் பாடுபட்டார். அஸ்ரியேல் முடிச்சை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஜெபக்கூடத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். மற்றப் பகுதிகளுக்கு ஊர்க்காரர்களைப் பேர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். சாபப் பகுதிக்கு அழைப்பதில்லை. அழைக்கப்பட்டவன் வீட்டில் அந்த ஆண்டு ஏதாவது நடந்துவிடும் என்று பயம்.

ரபி தானே எழுந்தார்.

“ஒவ்வொரு வருஷமும் நீங்களேவா? பயமா இல்லையா?” என்று கிசுகிசுத்தார் அஸ்ரியேல்.

“யார் மேலயாவது விழணும்னா என் மேல விழட்டும், அண்ணே. இவங்க எல்லாம் பிள்ளை குட்டிக்காரங்க.”

ரபியும் பிள்ளைக்காரர்தான். அது அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது.

மேடையில் சுருளை விரித்தார். அந்தப் பகுதியை உரக்க வாசிக்கும் வழக்கம் இல்லை. காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் பேசுவதுபோல் வாசித்தார். பின்வரிசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பற்றிய வரி வந்தபோது நின்றார். இன்னும் தாழ்ந்த குரலில் அதைச் சொல்லி முடித்தார்.

அஸ்ரியேல் எழுந்துவிட்டார்.

ஆட்களை இடித்துக்கொண்டு வெளியே போனார். சாபத்துக்குப் பயந்து கிழவர் ஓடுகிறார் என்று யாரோ சொன்னார்கள். ரபி தலை நிமிராமல் அடுத்த வசனத்துக்குப் போனார்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது, படிக்கட்டுக்கடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. வார் அறுந்திருந்தது. ஒருவர் அதை எடுக்கக் குனிந்தார்.

“இருக்கட்டும், விடுங்க,” என்றார் ரபி. அவர் கண் கலங்கியிருந்தது. “ஓய்வுநாள்ல எதையும் தூக்கக் கூடாது.”

இன்னொரு செருப்பு அத்திமரத்தடியில், ரொட்டி முடிச்சுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒற்றைக் காலில் செருப்போடு எவ்வளவு தூரம்தான் ஓட முடியும்?

யெமீமா வீட்டு வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் கொடியில் தோல்கள் தொங்கின. நாற்றம் இருக்கத்தான் செய்தது.

மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தார் அஸ்ரியேல். வேலியைத் தாண்டியதும் அத்தனையும் மறந்துபோயிற்று.

“அடி பாழாப் போனவளே!” என்று கத்தினார். “அப்பன் இருக்கானா செத்தானான்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினியாடி நீ? நீயெல்லாம் உருப்படுவியா?”

யெமீமா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வியர்வையில் நனைந்த தாடி. முழங்கால் வரை புழுதி. கட்டைவிரலில் ரத்தம்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“செருப்பு எங்கேப்பா?” என்று கேட்டாள்.